ரப்பரைக் கெடுப்பது செம்பின் எடை அல்ல

மலேசியாவின் பகாவ் வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்களுக்கு ஒரு விதி மனப்பாடம்: பாலில் செம்பு படக்கூடாது. பித்தளைப் பாத்திரமும் பித்தளைச் சல்லடையும் பால் ஸ்டோருக்குள் நுழையக்கூடாது. மரத்தில் பால் ஏந்தும் மங்கு பீங்கானாக இருக்கலாம், வாளி அலுமினியமாக இருக்கலாம், எதுவும் பித்தளையாக மட்டும் இருக்கக்கூடாது. கெடிஸ், ஜெராம் பாடாங், கெல்பின் பக்கமெல்லாம் பால்மரத்தின் இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டது. எஞ்சிய ரப்பர் பெரும்பாலும் சிறுதோட்டக்காரர்களின் மங்கிலேயே உறைந்த கட்டிப்பாலாகவே இன்று சந்தைக்கு வருகிறது. விதி மட்டும் மாறவில்லை. அந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்குச் சொல்லப்படும் காரணத்தோடுதான் சண்டை. செம்பு ரப்பருக்கு விஷம். விஷம் எவ்வளவு சேர்ந்ததோ அவ்வளவு கேடு. ஆகவே ரப்பரில் உள்ள செம்பை எடைபோட்டு, பத்து லட்சத்தில் 8 பங்குக்குக் கீழே இருந்தால் நல்லது, மேலே போனால் கெட்டது என்று பிரித்துவிடலாம் என்கிறார்கள். செறிவூட்டிய பாலுக்கான உலகத் தரநிலை செம்புக்கும் மாங்கனீசுக்கும் வைத்த உச்ச வரம்பு அந்த 8 என்பதால், எண்ணுக்கு வேதவாக்கின் மதிப்பு வந்துவிட்டது. இந்த விளக்கம் தவறானது. செம்பு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது எந்தச் சேர்மத்தில் இருக்கிறது, அங்கே இருந்துகொண்டு எலக்ட்ரானைக் கொடுத்து வாங்க அதனால் முடிகிறதா என்பதே ரப்பரின் கதியை முடிவு செய்கிறது.

ரப்பர் கெடும் விதத்தைப் பார்த்தாலே இது விளங்கத் தொடங்கும். ரப்பர் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறு. காற்றில் உள்ள ஆக்சிஜன் அந்தச் சங்கிலியில் ஆங்காங்கே ஒட்டி ஹைட்ரோபெராக்சைடு என்ற நிலையற்ற தொகுதியை உண்டாக்குகிறது. தானாக விட்டால் அது மெல்லத்தான் உடையும். பக்கத்தில் ஒற்றை மின்னேற்றம் கொண்ட செம்பு அயனி இருந்தால் கதை மாறிவிடும். செம்பு ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கிறது. பெராக்சைடு உடைந்து தனி உறுப்பு ஒன்று பிறக்கிறது. செம்பு இரட்டை மின்னேற்றத்துக்கு மாறுகிறது. அடுத்த பெராக்சைடிடமிருந்து அது ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்பும்போது இன்னொரு தனி உறுப்பு பிறக்கிறது. பிறந்த ஒவ்வொன்றும் சங்கிலியைத் தாக்கிப் புதிய பெராக்சைடுகளை வளர்க்கிறது. செம்பு செலவாவதே இல்லை. சங்கிலிகள் துண்டு துண்டாகி, கெட்டியாக இருந்த ரப்பர் ஷீட் விரலில் ஒட்டும் பிசினாகிறது. இந்தச் சுழற்சியில் செம்பின் எடை எங்கே வருகிறது? ஓர் அணு எத்தனை முறை சுழல்கிறது என்பதில்தான் கேடு இருக்கிறது. சுழல முடியாத உலோகம் எவ்வளவு கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. துத்தநாகத்தைப் பாருங்கள். டயருக்கான ரப்பரில் நூறு பங்குக்கு 3 முதல் 5 பங்கு வரை துத்தநாக ஆக்சைடைத் தெரிந்தே கலக்கிறார்கள். பத்து லட்சத்தில் என்று கணக்கிட்டால் 30,000 முதல் 50,000 பங்கு. ரப்பர் கெடுவதில்லை, ஏனென்றால் துத்தநாகத்துக்கு இந்தச் சூழலில் இரட்டை மின்னேற்றம் தவிர வேறு நிலை கிடையாது.

துத்தநாகம் வேறு தனிமம், செம்பு வேறு தனிமம், செம்புதான் விஷம் என்பதை இது மறுக்கவில்லையே என்று உடனே பதில் வரும். சரி, செம்பையே எடுத்துக்கொள்வோம். பித்தளைச் சல்லடையைத் தடைசெய்த அதே பால் ஸ்டோர்களுக்கு, பாலை வடிகட்டப் பழைய கையேடுகள் பரிந்துரைத்தது 40 மெஷ், 60 மெஷ் மோனல் வலை. மோனல் என்பது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிக்கலும் சுமார் 30 சதவீதம் செம்பும் சேர்ந்த கலப்புலோகம். செம்பு தீண்டக்கூடாது என்ற விதி நடைமுறையில் இருந்த இடத்திலேயே, ஒவ்வொரு நாள் பாலும் செம்பு கலந்த வலையின் வழியாகத்தான் ஓடியது. மோனலில் இருக்கும் செம்பு கரைந்து பாலுக்குள் அயனியாக வருவதில்லை. பித்தளையில் இருப்பது வருகிறது. அதிலும் அம்மோனியா கலந்த பால் என்றால் கேட்கவே வேண்டாம். அம்மோனியாவும் காற்றும் சேர்ந்து செம்பைக் கரைக்கும். அம்மோனியாப் பால் நிரப்பிய பீப்பாயில் தவறிப்போய்ப் பித்தளைக் குழாயை மாட்டிவிட்டால், குழாய் வாயைச் சுற்றி அடர்நீலக் கசிவு படிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

டயர் இதைவிடப் பெரிய சாட்சி. டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி ரப்பரைப் பிடித்துக்கொள்வது அதன்மேல் மெல்லிய பித்தளைப் பூச்சு இருப்பதால்தான். பூச்சில் உள்ள செம்பு கந்தகத்தோடு சேர்ந்து செம்பு சல்பைடு படலமாக வளர்ந்து ரப்பரோடு பின்னிக்கொள்கிறது. படலம் அளவுக்கு மீறி வளர்ந்தால் பிடிப்பு தளரும் என்பது உண்மை. ஆனால் பூச்சே இல்லையென்றால் பிடிப்பே கிடையாது. நீல நிற ரப்பர் கையுறைகளையும் பலூன்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பருக்கு நீலமும் பச்சையும் ஏற்றப் பரவலாகப் பயன்படும் நிறமி செம்பு தாலோசயனின். 1935இல் மொனாஸ்ட்ரல் நீலம் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அதன் எடையில் 11 சதவீதம் செம்பு. நூறு பங்கு ரப்பரில் அரைப் பங்கு நிறமி சேர்த்தால், பத்து லட்சத்தில் சுமார் 550 பங்கு செம்பு வந்துவிடும், அதாவது 8 என்ற வரம்பைப் போல ஏறக்குறைய 70 மடங்கு. எடைக்கணக்கின்படி அந்தக் கையுறை பெட்டியைத் திறப்பதற்குள் பிசினாகி இருக்க வேண்டும். ஆகவில்லை. எடைக்கணக்கை நம்புகிறவர்கள் இந்த ஒரு நிறமிக்கு விடை சொல்லாமல் மேலே போக முடியாது.

இங்கேதான் அணுக்கரு வேதியியல் சாட்சி சொல்ல வருகிறது. அது வெடிகுண்டு, உலை என்ற பேச்சோடு நின்றுவிடும் துறை என்று நினைப்பவர்கள் நம்மிடையே பலர். ரப்பரைப் பற்றிய கேள்விக்கு அது பதில் வைத்திருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. 1934இல் லண்டனில் ஆய்வாளர்கள் லியோ சிலார்டும் சால்மர்ஸும் எத்தில் அயோடைடு என்ற திரவத்தின் மேல் நியூட்ரான்களைப் பாய்ச்சினார்கள். நியூட்ரானை விழுங்கிய அயோடின் அணுக்கரு காமாக் கதிரை உமிழ்ந்தபோது, அந்த உமிழ்வின் பின்னுதைப்பால் அயோடின் அணு தன் மூலக்கூறிலிருந்து பிய்த்தெறியப்பட்டது. பிய்ந்த அணுக்களை நீரால் தனியே கழுவி எடுக்க முடிந்தது. கதிரியக்க அயோடினும் சாதாரண அயோடினும் வேதியியலில் ஒன்றே. ஆனால் ஒன்று மூலக்கூறு என்ற கூட்டுக்கு வெளியே, மற்றது கூட்டுக்கு உள்ளே. பிரித்தெடுக்க அந்த வேறுபாடு ஒன்றே போதுமாக இருந்தது.

இதே முறையைச் செம்பு தாலோசயனினுக்குப் பயன்படுத்துவது கதிரியக்க வேதியியலில் பழகிப்போன வழி. நீல நிறமியை அணு உலைக்குள் வைக்கிறார்கள். செம்பு-63 ஒரு நியூட்ரானை ஏற்றுச் செம்பு-64 ஆகிறது. அதன் அரை ஆயுள் 12.7 மணி நேரம். உமிழப்படும் காமாக் கதிரின் ஆற்றல் 79 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் வரை போகும். அப்போது செம்பு அணுவுக்குக் கிடைக்கும் உதை சுமார் 500 எலக்ட்ரான் வோல்ட். ஒரு வேதிப் பிணைப்பை உடைக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் போதும் என்பதால் அணு கூட்டைவிட்டுப் பறக்கிறது. பிறகு நிறமியை அடர் கந்தக அமிலத்தில் கரைத்து நீரில் ஊற்றுகிறார்கள். உடையாத நிறமி நீலமாக வீழ்படிகிறது. தெறித்துப் போன செம்பு-64 நீரில் அயனியாகத் தங்குகிறது. ஒரு பங்கு கூட்டுக்கே திரும்பிவிடுவதும் உண்டு. திடப்பொருளைச் சூடாக்கும்போது இப்படித் திரும்பும் பங்கு கூடுவதைப் பல சேர்மங்களில் பார்த்திருக்கிறார்கள். இந்தச் சோதனையில் நான் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறேன். அடர் கந்தக அமிலத்தாலேயே பிடுங்க முடியாத செம்பைப் பிடுங்க அணுக்கருவின் உதை தேவைப்பட்டது என்பது முதலாவது. வெளியே வந்த கதிரியக்கச் செம்பு, நிறமிக்குள் இருக்கும் கதிரியக்கமற்ற செம்போடு இடம் மாற்றிக்கொள்வதில்லை என்பது இரண்டாவது. மாற்றிக்கொண்டிருந்தால் இந்தப் பிரித்தெடுப்பு முறையே பலித்திருக்காது. ஆக ஒரே கலனில், ஒரே தனிமத்தின் இரண்டு கூட்டங்கள், ஒன்றோடொன்று கலக்காமல் இருக்கின்றன. எடைபோடும் தராசுக்கு அவை ஒன்று. ரப்பருக்கு அவை இரண்டு.

கூட்டுக்குள் இருக்கும் செம்பு ஏன் எலக்ட்ரானைக் கொடுத்து வாங்குவதில்லை? இதற்கான விடையை எலக்ட்ரான் இடமாற்றம் பற்றிய ஆய்வுகள் தெளிவாக்கின. ஹென்றி டாபேவுக்கு 1983இலும் ருடால்ஃப் மார்கஸுக்கு 1992இலும் நோபல் பரிசு கிடைத்தது இந்தத் துறைக்காகத்தான். எலக்ட்ரான் ஓர் அணுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டுமென்றால், அதற்கு முன் இரண்டு அணுக்களையும் சுற்றியுள்ளவை தங்கள் இடத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். சரிசெய்ய ஆகும் ஆற்றல் பெரியதாக இருந்தால் தாவல் நடக்காது. ஒற்றை மின்னேற்றச் செம்பு நான்முகி வடிவில் துணைகளை விரும்புகிறது. இரட்டை மின்னேற்றச் செம்பு தட்டையான சதுரத்தை விரும்புகிறது. தாலோசயனின் வளையத்தின் நான்கு நைட்ரஜன்கள் செம்பை ஒரே தளத்தில் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. எலக்ட்ரானைத் திணித்தாலும் அது செம்புக்குப் போகாமல் வளையத்துக்கே போய்ச் சேர்கிறது. இது செம்புக்கு மட்டும் உரியதும் அல்ல. 1950களின் தொடக்கத்தில் கதிரியக்க இரும்பைக் கொண்டு, நீரில் உள்ள இரும்பு அயனிகளுக்கிடையே எலக்ட்ரான் தாவும் வேகத்தை அளந்தார்கள். அதே இரும்பை ஃபெனாந்த்ரோலின் சூழ்ந்திருந்தால் அந்த வேகம் கோடி மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. தனிமம் ஒன்றே; சுற்றியுள்ளவை மாறியதால் இவ்வளவு வேறுபாடு. ரப்பர்த் தொழிலும் இதைத் தெரிந்தே பயன்படுத்துகிறது. ஆலையில் ரப்பரைப் பிசைந்து இளக்கும்போது, சங்கிலிகளை வேண்டுமென்றே விரைவாக வெட்டச் சிறிதளவு இரும்புத் தாலோசயனினைச் சேர்ப்பார்கள். அதே வளையம், உள்ளே செம்பு இருந்தால் நிறமி, இரும்பு இருந்தால் வெட்டுக்கத்தி. கூடு மட்டும் பார்த்தாலும் போதாது, தனிமம் மட்டும் பார்த்தாலும் போதாது. இரண்டும் சேர்ந்த சேர்மத்தைப் பார்க்க வேண்டும்.

வலுவான மறுப்புகள் இரண்டு உண்டு. ஒன்று, 8 என்ற வரம்பு பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டிருக்கிறதே, அது தவறென்றால் இவ்வளவு காலம் எப்படி ஓடியது என்பது. பதில் எளிது. பாலில் வெளியிலிருந்து சேரும் செம்பு பெரும்பாலும் கரைந்த அயனியாகவே வருகிறது. பித்தளையிலிருந்து கரைந்தாலும், மயில்துத்தம் கலந்த மருந்திலிருந்து வந்தாலும், அது ரப்பரில் உள்ள கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து ரப்பரிலேயே கரையக்கூடிய உப்பாகிவிடும். வேகமாக எலக்ட்ரான் சுழற்றும் நிலை அதுதான். அந்த ஒரு சூழலில் எடையும் கேடும் கைகோத்து நடக்கின்றன. ஒரு சூழலில் பலித்த கணக்கு எல்லாச் சூழலுக்கும் விதியாகாது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மழைக்கு முன் இலையுதிர்வு நோயைத் தடுக்கப் பால்மரங்களுக்குப் போர்டோ கலவை தெளிக்கிறார்கள். மயில்துத்தத்தோடு சுண்ணாம்பு சேர்ந்த அந்தக் கலவையில் செம்பு எளிதில் கரையாத நிலையில் இலைமேல் படிந்திருக்கிறது. அதே செம்பு பட்டையில் வழிந்து மங்கில் விழுந்து அமிலத்தோடு சேர்ந்தால் கரைந்துவிடும். மரத்தில் எவ்வளவு செம்பு தெளித்தார்கள் என்ற கணக்கு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. கட்டுண்ட செம்பு இன்று கட்டுண்டிருக்கலாம். கந்தகமும் ஸ்டியரிக் அமிலமும் சேர்த்து 140, 150 பாகையில் வேகவைக்கும்போது அது அவிழ்ந்து வந்தால் என்ன செய்வது, அதனால் மொத்தத்தையே கட்டுப்படுத்துவதுதான் பாதுகாப்பு என்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. பாலில் இயற்கையாகவே சிறிது செம்பு உண்டு. ஷீட்டைக் கருக்க வைக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியே செம்பு தாங்கியதுதான். புரதம் சூட்டில் குலைந்தால் அதன் செம்பு வெளியே வரக்கூடும். ஆனால் இந்த மறுப்பு எடைக்கணக்குக்கு ஆதரவாக நிற்கவில்லை, என் பக்கம்தான் நிற்கிறது. எந்தச் சேர்மம் சூட்டில் அவிழும், எது அவிழாது என்று கேட்டாலே, எடையை விட்டுவிட்டுச் சேர்மத்தைப் பேசத் தொடங்கிவிட்டோம். ரப்பருக்கான நிறமி செய்பவர்கள் இந்தக் கேள்வியை எப்போதோ கேட்டுவிட்டார்கள். நிறமியின் மொத்தச் செம்பை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. கூட்டுக்கு வெளியே தனியாகத் திரியும் செம்பு எவ்வளவு என்பதற்கே வரம்பு வைக்கிறார்கள்.

பிரச்சினையின் வேர் சோதனைமுறையில் இருக்கிறது. செம்பை அளக்க, ரப்பர்த் துண்டு ஒன்றை மூசையில் வைத்து உலையில் எரித்துச் சாம்பலாக்குகிறார்கள். சாம்பலை அமிலத்தில் கரைத்து, செம்போடு சேர்ந்து மஞ்சள் பழுப்பாகும் வினைப்பொருளைச் சேர்த்து, நிறத்தின் அடர்த்தியைப் பார்த்து எண்ணைச் சொல்கிறார்கள். எல்லாச் செம்பும் சாம்பலில் ஒரே ஆக்சைடாகிவிடுகிறது. புரதத்தில் இருந்ததா, பித்தளையிலிருந்து வந்ததா, நிறமியின் கூட்டில் இருந்ததா என்ற தடயம் மூசையிலேயே அழிந்துபோகிறது. கொலை நடந்த வீட்டைக் கொளுத்திவிட்டுச் சாம்பலை நிறுத்துப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது போன்றது இது. நவீனக் கருவிக்கு மாறினாலும் இந்தக் குறை தீராது. பாங்கியில் 1982 முதல் இயங்கும் 1 மெகாவாட் புஸ்பாத்தி ட்ரிகா போன்ற ஆய்வு உலையில் நியூட்ரான் பாய்ச்சி, செம்பு-64இன் கதிரையும் மாங்கனீசு-56இன் கதிரையும் எண்ணி மிகத் துல்லியமாக அளக்க முடியும். ஆனால் அணுக்கரு எந்தக் கூட்டில் இருந்தாலும் நியூட்ரானை ஒரே மாதிரிதான் விழுங்குகிறது. கூட்டைப் பற்றி எண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பின்னுதைப்புக்குப் பிறகு நீரில் நின்றது எவ்வளவு, நிறமியோடு வீழ்படிந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். இதில் ஒரு நீதிக் கேள்வியும் அடங்கியிருக்கிறது. மொத்தச் செம்பு கூடிவிட்டது என்ற ஒற்றை எண், அந்தச் செம்பு எங்கே சேர்ந்தது என்று சொல்லாது. மண்ணிலிருந்தா, மருந்திலிருந்தா, ஆலையின் குழாயிலிருந்தா என்று தெரியாதபோது, பழி மிக எளிதாக மங்கை ஏந்திய வெட்டுக்காரர் தலையில் விழுகிறது.

இவை புத்தகத்து நுணுக்கங்கள், சந்தைக்கு எளிய எண்தான் வேண்டும் என்று சொல்பவர்கள் இந்த நாட்டின் ரப்பர் வரலாற்றையே மறந்து பேசுகிறார்கள். 1965இல் எஸ்.எம்.ஆர். என்ற மலேசியத் தரமுறை வந்தது. 1966இல் ரப்பர் ஆய்வாளர்கள் பேட்மனும் பி. சி. சேகரும் பி.ஆர்.ஐ. என்ற எண்ணின் பொருளை விரிவாக எழுதினார்கள். சேகர் அதே ஆண்டில் மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் ஆசிய இயக்குநரானவர். சோதனை எளிது: ரப்பரின் இளக்கத்தை அளந்து, 140 பாகையில் 30 நிமிடம் சுட்டு, மறுபடி அளந்து, எத்தனை சதவீதம் மிஞ்சியது என்று பார்க்க வேண்டும். எஸ்.எம்.ஆர். 10 என்ற தரத்துக்குக் குறைந்தது 50, எஸ்.எம்.ஆர். 20 என்ற தரத்துக்குக் குறைந்தது 40. அந்தத் தரப்பட்டியலில் அழுக்குக்கு வரம்பு உண்டு, சாம்பலுக்கு வரம்பு உண்டு, செம்புக்கு வரம்பு கிடையாது. செம்பு எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு, ரப்பரில் இருக்கும் உலோகமும் அதன் இயற்கைப் பாதுகாப்புப் பொருள்களும் சேர்ந்து கடைசியில் என்ன செய்கின்றன என்று இந்தச் சோதனை கேட்கிறது. வெயிலில் கிடந்த கட்டிப்பாலையும் நெடுநாள் நீரில் ஊறிய கட்டிப்பாலையும் பாருங்கள். ஒரு துளி செம்பு கூடச் சேராமலே அவற்றின் பி.ஆர்.ஐ. இறங்கிவிடுகிறது. வெயில் பெராக்சைடுகளை வளர்க்கிறது. நீர் காப்புப் பொருள்களைக் கழுவிக்கொண்டு போகிறது. ஏற்கெனவே இருந்த சிறிதளவு செம்புக்கு வேலை கூடிவிடுகிறது.

கடைசியாக, சேர்மத்தைத் தெரிந்துகொண்டு சிறுதோட்டக்காரர் என்ன செய்துவிட முடியும் என்ற கேள்வி. நிறையச் செய்ய முடியும், செய்தும் இருக்கிறார்கள். துருவிய கட்டிப்பாலை நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தில் நனைத்து உலர்த்தினால் பி.ஆர்.ஐ. ஏறுகிறது. செம்பில் ஒரு பகுதி கழுவப்பட்டுப் போகலாம். போகாதது பாஸ்பேட்டாகக் கட்டுண்டு சுழற்சியிலிருந்து விலகி நிற்கிறது. பெட்ரோலிலும் ரப்பரிலும் உலோகத்தை அடக்கச் சேர்க்கப்படும் கொடுக்கிணைப்புப் பொருள்கள் செய்வதும் இதுவே. உலோகத்தை வெளியேற்றாமல் அதன் எலக்ட்ரான் வழியை அடைக்கின்றன. பகாவ் பக்கத்துக் கட்டிப்பாலுக்கு வாங்கும் இடத்தில் எடையும் உலர் ரப்பர்ச் சதவீதமும் பார்த்து விலை போடுகிறார்கள். வெயிலில் போடாமல், ஊறவைக்காமல், பித்தளை படாமல் பாதுகாத்துக் கொண்டுவந்தவருடைய கட்டிக்கும் அப்படிச் செய்யாதவருடைய கட்டிக்கும் அந்த விலையில் வேறுபாடு இல்லை. ஆலையின் சோதனை மேசையில் அவற்றின் பி.ஆர்.ஐ. வெவ்வேறாகத்தான் வருகிறது, அந்த வேறுபாட்டுக்கு உரிய பணம் வாங்கும் இடத்திலேயே கட்டிக்காரர் கைக்கு வர வேண்டும்.